ஐந்து கட்டத்திலும் நலம்

கதவு சாத்தியாயிற்று. இனி ஐம்பது நிமிஷத்துக்குச் சோலைராஜ் பாண்டிச்செல்வியின் புருஷன் இல்லை, அந்தம்மாவின் ஆள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளியே இந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் பாண்டிச்செல்விக்கு முதலில் தோன்றுவது இதுதான். தோன்றிய கையோடு ச்சே, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொள்வாள், திட்டி முடித்ததும் மறுபடி அதையே நினைப்பாள். இன்று பன்னிரண்டாவது வியாழன். கீழே அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மெஷின் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது, அந்த அதிர்வு சுவர் ஏறி பெஞ்சுக்கு வந்து அவள் முதுகில் இறங்கியது. யாருக்கோ கல்யாணம், நல்லாருக்கட்டும், பட்டாளத்துக்காரனாக இல்லாமல் இருந்தால் சரி. கதவுக்கு வெளியே இரண்டு ஜோடி கிடந்தன. ஒன்று சோலைராஜின் கறுப்பு ஷூ, காலுறையைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்திருந்தார். இன்னொன்று அந்தம்மாவின் பழுப்புச் செருப்பு, சின்னக் கால், குதிகால் பக்கம் தேய்ந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒட்டிக்கொண்டு என்றால் நடுவில் ஒரு விரற்கடைகூட இல்லை. அவள் எழுந்து போய்க் காலால் ஷூவைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். வீட்டில் அந்த ஷூ எங்கே இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா? கட்டிலுக்குப் பக்கத்தில், நாடா தளர்த்தி, மூக்கு வாசலைப் பார்த்தபடி இருக்கும். மனிதர் காலுறையோடுதான் படுப்பார். எந்நேரமும் யாரோ வந்து கூப்பிடப் போகிறார்கள், ஒரே தாவலில் ஷூவுக்குள் காலை நுழைத்து ஓட வேண்டும். ஆறு வருஷமாக அப்படி. புருஷனின் வெறுங்காலை அவள் கடைசியாக எப்போது பார்த்தாள் என்பதே மறந்துபோய்விட்டது. அந்தக் கால் இப்போது உள்ளே சிமெண்டுத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அந்தம்மா அதைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெனிட்டா, இங்கே மன ஆலோசனை சொல்கிற மேடம், வயது முப்பதுகூட இருக்காது. திண்டுக்கல் பக்கம். பொட்டு கிடையாது, வளையல் கிடையாது, ஒரு வாட்ச் மட்டும். அழகி என்று சொல்ல முடியாது. அழகியாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பொறாமைக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஊரில் நாலு பேரிடம் சொல்லி மூக்கைச் சிந்தலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரர் ஒரு பொம்பளையிடம் பேசுகிறார், வெறும் பேச்சுத்தான், அதுவும் நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

மேஜையில் காசிநாதன் அண்ணன் கோப்பு ஒன்றைத் தட்டி மூலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து வந்தவர்தான், இங்கே வரவு எழுதுவது, நேரம் கொடுப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர். அவர் கையில் எந்தத் தாளும் மடங்காது. "என்ன தங்கச்சி, மொகத்துல சந்தோஷத்தையே காணோம். இன்னையோட கடைசி சிட்டிங், ஒரு லட்டுப் பொட்டணமாவது வரும்னு பாத்தேன்" என்றார். கடைசியா, யார் சொன்னது என்று கேட்டாள். "யாரு சொல்லணும்? போன வாரம் நீ குடுத்த வீட்டு ரிப்போர்ட்டுதான் சொல்லுது. அஞ்சு கட்டத்துலயும் நலம். எட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், அஞ்சுலயும் நலம் போட்ட வீட்ட நான் பாத்ததில்ல. குடுத்துவச்ச ஆளு நீ." அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "வெளிய நாப்பது பேரு காத்துக்கிட்டு இருக்காகம்மா. திருமங்கலத்துல ஒருத்தரு, அவரு சம்சாரம் தெனம் போன் போடுது. பன்னெண்டு மணிக்கு மேடம் பைல்ல கையெழுத்துப் போட்டுட்டாகன்னா அடுத்த வியாழக்கெழமை அவருக்குப் போயிரும்." அவள் தலையை ஆட்டினாள். உள்ளதைச் சொல்ல வேண்டும், முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்கியது போல ஒரு சந்தோஷம். முடிந்தது. இனி இந்தச் செருப்பு ஜோடி இல்லை, இந்தக் கதவு இல்லை. வியாழக்கிழமைக் காலையில் அவர் தானாக எழுந்து முகம் மழித்துச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற காட்சி இல்லை. தன்னோடு கோயிலுக்கு வரச் சொன்னால் முழங்கால் வலி என்கிற மனிதர் இந்த மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிற காட்சி இல்லை. அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றிருக்கும்? அண்ணன் டீத் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போகிற வரைக்கும் நின்றது. கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது.

இந்த இடத்தைக் கண்டுபிடித்தது யார்? அவள்தான். இதை அவள் ஒருத்தி மட்டும் அறிவாள், பரிசு கொடுக்க யாரும் வரப்போவதில்லை. மாமியார் வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போனாள், மூன்று அமாவாசை, அடித்தவனின் கையைச் சோலைராஜ் முறுக்கிய முறுக்கில் அவன் நாலாவது அமாவாசைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள், அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுஷன், ஆனால் வாசலில் வரிசை இருநூறு பேர், ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம். நாலு நிமிஷத்தில் சோலைராஜ் நாற்காலியை இழுத்து உட்காரவே மாட்டார். தனியாரில் கேட்டாள். ஒரு சிட்டிங்குக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, சரிங்க, வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று மரியாதையாகப் போனை வைத்தாள். வாரம் ஒரு தடவை, ஆறு மாசம் என்றால் பென்ஷனை அப்படியே கொண்டுபோய் அங்கே கொட்டிவிட்டு இவளும் மகளும் காற்றைத் தின்ன வேண்டியதுதான். ஏதோ ஒரு இலவச நம்பர் என்று யாரோ கொடுத்தார்கள், போட்டால் அந்தப் பக்கம் இந்தி. எனக்கு இந்தி தெரியாதுங்க, எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும், ஆனா அவுக பேச மாட்டாக, பேச மாட்டாகன்னுதானே போன் போட்டேன் என்று தமிழிலேயே சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்துப் பையன் ஹாஞ்சி ஹாஞ்சி என்றான், பாவம், கடைசிவரை மரியாதையாகத்தான் கேட்டான். அப்புறம் ஒருநாள் ராணுவ கேண்டீனில் சோப்பும் எண்ணெயும் வாங்க வரிசையில் நின்றபோது தூணில் ஒரு நோட்டீஸ். முன்னாள் படைவீரர்களுக்கு மன ஆலோசனை, தமிழில், உண்டியலில் உங்களால் முடிந்ததைப் போடலாம். அந்த 'உங்களால் முடிந்ததை' என்பதை அவள் மூன்று தரம் படித்தாள். எண்ணெயை வாங்காமலே வரிசையை விட்டு வந்துவிட்டாள். அவரிடம் என்ன சொல்லிக் கூட்டி வந்தாள்? காது டெஸ்ட் என்று சொன்னாள். பென்ஷன்காரங்களுக்குக் காது டெஸ்ட் கட்டாயமாம் என்றாள். அவர் நம்பிக்கொண்டு வந்தார், படியேறினார், உள்ளே போனார். ஐந்தாவது நிமிஷம் எழுந்து வந்துவிடுவார், தன்னைப் படியில் வைத்தே ஒரு அறை அறைவார் என்று இந்த பெஞ்சில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது நிமிஷம் கழித்து வெளியே வந்தார். "போலாமா" என்றார். காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் அவரே முதலில் கிளம்பி வாசலில் நின்றார்.

அன்றைக்கே அவளுக்குச் சந்தோஷப்படத் தெரிந்திருக்க வேண்டும். பட்டாள். இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது வாரம் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது, என்ன சொல்கிறார் என்று புரியாது, ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். நிறுத்தாமல் பேசினார். கால் மணி நேரம், இருபது நிமிஷம். வீட்டில் அவருடைய மொத்தப் பேச்சையும் ஒரு சோப்பு உறையில் எழுதிவிடலாம். சாப்பாடு வை. லைட்ட நிறுத்து. கதவப் பூட்டுனியா. ஏழாவது வாரம் அழுதார். ஆம்பளை அழுகிற சத்தம், மூக்கை உறிஞ்சி அடக்கி மறுபடி உடைந்து வருகிற சத்தம், அச்சக மெஷினையும் மீறி வந்தது. அவள் எழுந்து கதவருகே போய் நின்றாள், கையைக் கைப்பிடியில் வைத்துவிட்டாள், அண்ணன்தான் கண்ணாலேயே வேண்டாம் என்றார். தன் புருஷன் அழுகிறார், தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூடத் தனக்கு உரிமை இல்லை, தண்ணீர் வேறொருத்தி கொடுப்பாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஒன்பதாவது வாரம் சிரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. பழைய சிரிப்பு. கல்யாணமான புதிதில் லீவுக்கு வந்து, பேரையூர் சந்தையில் ஒரு ஆட்டுக்குட்டி அவள் முந்தானையைத் தின்றபோது சிரித்த அதே சிரிப்பு, முதலில் மூக்கில் வந்து அப்புறம் தோளைக் குலுக்குகிற சிரிப்பு. அது செத்துப்போய்விட்டது என்று அவள் நம்பியிருந்தாள், மனசுக்குள் காரியம்கூடச் செய்து முடித்திருந்தாள். பார்த்தால் உயிரோடுதான் இருக்கிறது, வேறு வீட்டில் குடியிருக்கிறது. என்ன சொல்லியிருப்பாள் அந்தம்மா? சிரிப்பு வரும்படி என்ன சொல்லத் தெரியும் அந்தக் குரங்குக்கு? குரங்கு என்று நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள், மேடம் என்று திருத்திக்கொண்டாள், மனசுக்குள் அது ஒட்டவில்லை. தேவ் சிங்கைப் பற்றியும் சொல்லியிருப்பார். தேவ் சிங், கூடவே ஒரே கூடாரத்தில் இருந்த வடக்கத்தி மலைநாட்டு பஹாடிக்காரன், போனை இவரிடமிருந்து பிடுங்கி நமஸ்தே பாபி, இட்லி பேஜோ பாபி என்று அண்ணி முறை வைத்து இட்லி அனுப்பச் சொல்லிச் சத்தம் போடுகிறவன். பனிச்சரிவில் இரண்டு பேரும் புதைந்தார்கள், இவரைத் தோண்டி எடுத்தார்கள், அவனையும் எடுத்தார்கள், ஆனால் அவன் இல்லை. இவ்வளவுதான் அவளுக்குத் தெரியும், இதுவும் கூட வேலை பார்த்த ஒரு சாத்தூர்க்காரர் சொல்லித்தான் தெரியும். உள்ளே எவ்வளவு நேரம் கிடந்தார்கள், பேசிக்கொண்டார்களா, யார் முதலில் பேச்சை நிறுத்தியது? தூக்கத்தில் அவர் தேவ், தேவ் என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் விழித்துக்கொண்டு படுத்திருப்பாள், தன் பேரைக் கூப்பிட மாட்டாரா என்று. செத்தவன் மேல் பொறாமைப்பட்டவள் அவள். இப்போது செத்தவனையும் உயிரோடு இருப்பவரையும் சேர்த்து அந்தம்மா வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால்தான் நலம் என்று போட்டாளா? அண்ணன் டீ கொண்டுவந்து நீட்டினார், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. இல்லை, அதனால் இல்லை. சத்தியமாக இல்லை. நலம் என்று போட அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமான இரண்டாம் வருஷம் ஜபல்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போயிருந்தபோது, அடுத்த வீட்டு சுபேதார் சம்சாரம், சேலத்துக்காரி, முதல் வாரமே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். "இங்க பாரு, டாக்டர் வந்து வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு கேட்டா, நல்லா இருக்காரு, நல்லா தூங்கறாரு, நல்லா சாப்பிடறாருன்னு மட்டும் சொல்லணும். வாய் தவறி ராத்திரி கத்தறாருன்னு சொன்னேன்னு வை, அவரோட மெடிக்கல் கேட்டகரியைக் கீழ எறக்கிடுவாங்க. அப்பறம் பிரமோஷன் கெடையாது, ஒண்ணும் கெடையாது, பொட்டியக் கட்டி ஊருக்கு அனுப்பிடுவாங்க. அவரு உன்னை மன்னிக்கவே மாட்டாரு." அது மண்டையில் பச்சை குத்தின மாதிரி நின்றுவிட்டது. யார் எந்தத் தாளை நீட்டினாலும் பட்டாளத்துப் பெண்டாட்டி நலம் என்றுதான் எழுதுவாள், கை தானாகப் போகும். தூக்கம், நலம். சாப்பாடு, நலம். கோபம், நலம். வெளியில் நாலு பேரோடு பழகுதல், நலம். ஐந்தாவது கட்டம், வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசுகிறாரா? அங்கே பேனா கொஞ்சம் நின்றது. நின்றதா? நின்றது. அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டார் இன்னும் சரியில்லை என்று எழுதினால் இன்னொரு பன்னிரண்டு வாரம் தருவார்கள் என்று முதல்நாளே அண்ணன் சொன்னதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வரவில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், இந்த பெஞ்சிடம் சொல்ல முடியாது. பழக்கம் நாலு கட்டத்தை நிரப்பியது. ஐந்தாவதை யார் நிரப்பியது? பேசுவதில்லை என்று போட்டால் அதைப் படிக்கப் போவது யார்? அந்தம்மா. மேஜையில் குனிந்து, வாட்ச் கட்டின கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, ஓகோ, என்னிடம் மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷன் கட்டினவளிடம் பேசுவதில்லையா என்று படிப்பாள். பரிதாபப்படுவாள். அந்தப் பரிதாபத்தை நினைத்ததும்தான் பேனா நலம் என்று இறங்கியது. டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

சரி, போட்டதுதான் போட்டாயிற்று. விட்டால் என்ன? பன்னிரண்டு வாரம் கிடைத்தது பெரிய காரியம். மனிதர் முன்பைவிடப் பரவாயில்லை. பரவாயில்லையா? முந்தாநாள் மகள் குக்கர் மூடியைக் கீழே போட்டாள். அவர் சாப்பாட்டுத் தட்டோடு மேஜைக்கு அடியில் போய்விட்டார். மகள் அழவில்லை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மூடியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, அப்பா, நான்தான்ப்பா, நான்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் பழைய சோலைராஜ் என்றால் ஒருநாள் முழுக்க வெளியே வரமாட்டார், முந்தாநாள் கால் மணி நேரத்தில் வந்தார், வந்து மகள் தலையில் கையை வைத்தார். அந்தக் கையை வைக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? இவளா? ஆறு வருஷமாக அதைச் சொல்லிக்கொடுக்க இவளுக்கு வரவில்லையே. இந்தக் கதவை மூடினால் அந்தக் கையும் போய்விடுமோ என்று நினைத்தாள். பொறாமை ஒருபக்கம் இழுத்தது, பயம் ஒருபக்கம் இழுத்தது. ஏன் என்னிடம் பேச வரவில்லை அவருக்கு, நான் என்ன குறை வைத்தேன் என்று எத்தனையாவது தடவையாகவோ கேட்டுக்கொண்டாள். கேட்டதும் என்னவோ நெருடியது. போன். பத்து வருஷம் அவர்கள் குடும்பம் நடத்தியது போனில். போனில் கெட்டது சொல்லக்கூடாது, அங்கே மலையில் துப்பாக்கியோடு நிற்கிற மனுஷன் மனசு கெட்டுவிடும். அதுவும் சேலத்துக்காரி சொன்ன பாடம்தான். மகளுக்கு எட்டு வயதில் டெங்கு வந்து பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாயில் கிடந்தாள், ரத்த அணு இறங்கிக்கொண்டே போனது. அப்போது போன் வந்தது. எப்படி இருக்கீங்க? எல்லாரும் நல்லாருக்கோங்க, பாப்பா வெளையாடப் போயிருக்கு. அப்படித்தான் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை, அதில் அவளுக்குப் பெருமை வேறு. இரண்டு மாசம் கழித்துத் தை மாசத்தில் அவரிடமிருந்து போன். நல்லாருக்கேன், செல்வி, இங்க நல்ல வெயிலு. சாத்தூர்க்காரர் சொன்ன கணக்குப்படி அது பனியிலிருந்து தோண்டி எடுத்த நாலாம் நாள், கட்டிலோடு கட்டிலாகக் கிடந்து பேசியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஐந்து கட்டத்திலும் நலம். அவர் போட்டதை அவள் நம்பினாள், அவள் போட்டதை அவர் நம்பினார். நலமாக இருக்கிறவளிடம் போய் எந்த மனுஷன் பனியைப் பற்றிப் பேசுவான்? அந்தம்மாவிடம் எந்த மந்திரமும் இல்லை, அவளிடம் மட்டும்தான் அவர் இன்னும் நல்லாருக்கேன் என்று சொல்லியிருக்கவில்லை. பதினொன்று நாற்பது ஆகியிருந்தது.

அவள் எழுந்து மேஜைக்குப் போனாள். "அண்ணே, அந்த ரிப்போர்ட்டக் குடுங்க. தப்பா எழுதிட்டேன்." அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது மேடம் பைலுக்குப் போயிருச்சே. வேணும்னா புதுசு ஒண்ணு தாரேன். ஆனா ஒரே வீட்டுக்காரவுக ஒரு வாரத்துல ரெண்டு மாதிரி எழுதுனா மேடம் கேப்பாக, ஏன்னு." கேக்கட்டும் என்றாள். திருமங்கலத்துக்காரரின் சம்சாரம் நினைவுக்கு வந்தாள், முகம் தெரியாத ஒருத்தி, தினம் போன் போடுகிறவள், அவள் வீட்டிலும் ஒரு ஷூ வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அந்தத் திருமங்கலத்து அக்காவுக்கு என்னண்ணே செய்வீக?" "செவ்வாக்கெழமை ஒரு இடம் மாசக் கடைசியில காலியாகுது. மூணு வாரம் பொறுக்கணும், பேசிப் பாக்குறேன்." தாளையும் பேனாவையும் நீட்டினார், பிறகு தாளை விடாமல் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார். "நானும் பட்டாளம்தான் தங்கச்சி. எங்க வீட்டுல கேட்டுருந்தாலும் அஞ்சும் நலம்னுதான் போட்டுருக்கும்." அவள் மேஜை ஓரத்திலேயே நின்று எழுதினாள். தூக்கம், மோசம், ஷூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறார். சாப்பாடு, பரவாயில்லை. கோபம், முன்புபோல் இல்லை, ஆனால் பயம் இருக்கிறது, குக்கர் மூடி. வெளியில் பழகுதல், இங்கே வருவது மட்டும். ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது, இந்தத் தடவை நன்றாகவே நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளிடம் போய், நீ ஜெயித்தாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், வேறொன்றுமில்லை. கட்டத்தில் இல்லை என்று போட்டாள். அடியில், வீட்டார் வேறு ஏதும் சொல்ல விரும்பினால் என்று இரண்டு கோடு விட்டிருந்தார்கள். அதில் எழுதினாள், உங்களிடம் பேசுகிறார். என்னிடம் பேசுவதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. ஆனாலும் நிறுத்திவிட வேண்டாம். கையெழுத்துப் போட்டாள், பாண்டிச்செல்வி என்பதில் புள்ளி ஒன்று விட்டுப்போனதைக்கூடச் சரிசெய்தாள்.

பதினொன்று ஐம்பதுக்குக் கதவு திறந்தது. சோலைராஜ் வந்தார், கண் சிவந்திருந்தது, குனிந்து காலுறையை எடுத்து மாட்டினார். ஷூ நகர்ந்திருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. பெனிட்டா மேடம் பின்னாலேயே வந்து மேஜையில் இருந்த தாளை எடுத்தாள். நின்றபடியே படித்தாள். பாண்டிச்செல்வி சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள், அதில் என்ன தேதி என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மேடம் படித்து முடித்து அவளை நிமிர்ந்து பார்த்தாள், பரிதாபம் இருக்கிறதா என்று பாண்டிச்செல்வி தேடினாள். இருந்திருக்கலாம், ஆனால் அதைவிடக் களைப்புத்தான் அதிகம் தெரிந்தது, காலையிலிருந்து மூன்று பேர் சொன்னதைக் கேட்டுவிட்டு நிற்கிற ஒருத்தியின் களைப்பு. "அடுத்த வியாழன், இதே பதினோரு மணிங்கக்கா" என்றாள். அக்கா என்றது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றாலும் தலையை ஆட்டினாள். அண்ணன் பேரேட்டில் எழுதிக்கொண்டார்.

படியில் அவர் முன்னால் இறங்கினார், இவள் பின்னால். பன்னிரண்டு பத்துக்குப் பேரையூர் பஸ், அதை அவர்கள் ஒரு வாரமும் விட்டதில்லை, நேரம் தவறினால் அவருக்கு வியர்த்துவிடும். பாதிப் படியில் அவர் திரும்பாமலே கேட்டார், "ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தியே, கஷ்டமா இருந்துச்சா?" வாரா வாரம் கேட்பதுதான். வாரா வாரம் இவளும், இல்லைங்க, நல்லாத்தான் இருந்தேன் என்று சொல்வதுதான். நாக்கு அதற்குத் தயாராகவே இருந்தது. "ஆமா" என்றாள். "கஷ்டமாத்தான் இருந்துச்சு. வாரா வாரம் கஷ்டமாத்தான் இருக்கு." அவர் நின்றார். அச்சகத்தின் தடக் தடக் படிக்கட்டில் பெரிதாகக் கேட்டது. "எதுக்கு?" என்றார். "அந்தம்மாகிட்ட பேசுறீகள்ல, எனக்குப் பொறாமையா இருக்கு. தேவ் மேலயும்தான். பாப்பாவுக்கு டெங்கு வந்தப்ப வெளையாடப் போயிருக்குன்னு நான் சொன்னது பொய்யி. ஆஸ்பத்திரியில இருந்துதான் பேசுனேன். செத்துப்போயிருமோன்னு இருந்துச்சு." வரிசையாக வந்து விழுந்துவிட்டது, எது முதலில், எது பிறகு என்று அடுக்கி வைக்க முடியவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள், சிரிப்பார் என்றும் நினைத்தாள், இரண்டும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே மெதுவாக உட்கார்ந்தார். மேலே கடிகாரம் பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது.

"பஸ்ஸு போயிருங்க" என்றாள்.

"போகட்டும்" என்று சோலைராஜ் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "ஒக்காரு. பாப்பாவுக்குக் காய்ச்ச எத்தன நாளு இருந்துச்சு?"